பழைய பாண்டூன் படகின் பின்பலகையை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் குடியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் 24 அடி நீளமுள்ள பாண்டூன் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 1980களில் செய்தது, 40 ஹெச்.பி. மோட்டார். இரண்டாவது கோடையில்தான் அதன் பின்பலகை உளுத்துப்போயிருப்பது தெரிந்தது. கழற்றிப் புதிதாகச் செய்து மாட்டினேன். அதன் பிறகு நண்பர்கள் சிலரின் படகுகளிலும் இதே வேலைக்குக் கை கொடுத்திருக்கிறேன். பழைய படகு வாங்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாண்டூன் படகு என்பது எது? பின்பலகை அதில் எங்கே இருக்கிறது?

இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்கள், சில படகுகளில் மூன்று. அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கு மேல் தட்டையான தளம், சுற்றிலும் வேலி, உட்கார மெத்தை இருக்கைகள். வீட்டுத் திண்ணையைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்டதுபோல இருக்கும். இதன் பிறந்த ஊரே மினசோட்டாதான். 1952இல் ரிச்மண்ட் என்ற சிற்றூரில் ஆம்புரோஸ் வீரஸ் என்பவர் இரண்டு எஃகு உருளைகளின் மேல் மரத்தளம் போட்டு மிதக்கவிட்டார்.

சாதாரணப் படகில் பின்பலகை என்பது படகின் பின்சுவர். பாண்டூனில் அப்படி இல்லை. இரண்டு குழாய்களுக்கும் நடுவே, தளத்தின் பின்கோடியில், அலுமினியச் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பிணைத்த தடித்த பலகை அது. மோட்டார் தொங்குவது அதில்தான். இங்கே டிரான்சம் என்பார்கள். புதிய படகுகளில் முழுக்க அலுமினியத்திலேயே செய்துவிடுகிறார்கள். பழையவற்றில் வெறும் மரமாக இருக்கும், அல்லது அலுமினியத் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும் மரமாக இருக்கும்.

பின்பலகை கெட்டால் பாண்டூன் மூழ்காது, குழாய்கள் தாங்கும். ஆனால் ஓடும்போது அது விட்டுக்கொடுத்தால், சுழலும் விசிறியோடு (ப்ரொபெல்லர்) மோட்டார் சாயும், பெட்ரோல் குழாய் பிய்யும், ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். படகில் குழந்தைகள் இருக்கும் நாளில் அது நடக்கக் கூடாது. இந்த வேலையை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

பலகை கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மோட்டாரை ஆட்டிப் பாருங்கள். படகு டிரெய்லரில் நிற்கும்போது மோட்டாரைப் பாதி உயர்த்தி வைத்து, விசிறிக்கு மேலுள்ள தட்டைக் கையால் கீழே அழுத்தி விடுங்கள். இன்னொருவர் பலகையின் மேல்விளிம்பைப் பார்க்கட்டும். மோட்டாரும் படகும் ஒன்றாக அசைந்தால் சரி. பலகை மட்டும் தனியாக வளைந்து கொடுத்தால் வேலை இருக்கிறது.

அப்புறம் தட்டிப் பார்ப்பது. பிளாஸ்டிக் சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே வாருங்கள். தேங்காய் தட்டிப் பார்த்து வாங்கும் காதுக்கு இது கஷ்டமே இல்லை. நல்ல மரம் 'டக்' என்று கெட்டியாகப் பேசும். உளுத்த இடம் 'தொம்' என்று மங்கும்.

உறுதியாகச் சொல்வது போல்ட் துளைதான். மோட்டாரைப் பிடித்திருக்கும் கீழ்ப் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றுங்கள். எங்கள் படகில் அதைக் கழற்றியதும் துளையிலிருந்து ஆறிப்போன டீ நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரைத் துளைக்குள் விட்டுச் சுரண்டினால் ஊறவைத்த ரொட்டிபோல நனைந்த தூள் வந்தது, மழைக்காலத்து விறகுக் கொட்டகையின் வாசத்தோடு. வெளிப்பக்கம் பெயின்ட் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. விற்றவர் புதிதாகப் பெயின்ட் அடித்துத் தந்திருந்தார். ஆகவே பழைய படகு வாங்கப் போகும்போது புதுப் பெயின்ட்டைக் கண்டால் இரண்டு மடங்கு கவனமாகத் தட்டிப் பாருங்கள்.

வெளியே நன்றாக இருக்கும் பலகை உள்ளே மட்டும் ஏன் கெடுகிறது?

மரத்தை உளுக்க வைப்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. வெளிப்பரப்பு நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடும். துளை வழியே உள்ளே போன தண்ணீர் காய வழியில்லை. பாண்டூனில் இரண்டு குழாய்களுக்கு நடுவே ஓடும் தண்ணீர் நேராகப் பலகைமேல் அடித்துக்கொண்டே இருப்பதால், எந்தத் துளை அடைபடாமல் இருந்தாலும் அது கண்டுபிடித்துவிடும்.

எங்கள் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. குளிர்காலத்தில் உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து விரிகிறது, ப்ளைவுட்டின் அடுக்குகளைப் பிரிக்கிறது. வசந்தத்தில் உருகி, பிரிந்த இடத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகிறது. முப்பது குளிர்காலம் இப்படி நடந்தால் என்ன மிஞ்சும்?

பலகை தாங்கும் சுமையையும் சொல்லிவிடுகிறேன். 40 ஹெச்.பி. மோட்டார் முழு வேகத்தில் சுமார் 200 கிலோ விசையோடு படகைத் தள்ளும். தள்ளும் விசிறியோ பலகையின் மேல்விளிம்புக்கு இரண்டடிக்கும் கீழே இருக்கிறது. நெம்புகோல் போல, மோட்டாரின் தாங்கி கீழே பலகையை முன்பக்கம் குத்துகிறது, மேலே பின்பக்கம் இழுக்கிறது. அதனால்தான் மேல் போல்ட்டுகளின் உட்பக்க வாஷர் மரத்துக்குள் அமுங்கியிருக்கும், வெளிப்பக்கம் தாங்கியின் அடியில் பள்ளம் விழுந்திருக்கும். இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்தாலே உள்ளே என்ன நிலைமை என்று ஊகிக்கலாம்.

முழுசாக மாற்றாமல், துளை போட்டு எபாக்ஸி ஊற்றிச் சமாளிக்க முடியாதா?

எபாக்ஸி என்பது ஹார்டனர் என்ற இறுக்கியைக் கலந்தால் கல்போல இறுகும் திரவப் பிசின். அதை ஊற்றினால் போதும் என்று விளம்பரங்களில் சொல்கிறார்கள். கதவு நிலையின் ஓரத்தில் கொஞ்சம் உளுத்திருந்தால் செய்யலாம். மோட்டாரைத் தாங்கும் பலகைக்கு வேண்டாம். நனைந்த மரத்தில் எபாக்ஸி ஊறாது, ஈரத்தை உள்ளே அடைத்து மூடிவிடும். பாண்டூனில் பின்பலகையைக் கழற்றுவது மற்றப் படகுகளோடு பார்த்தால் எளிது. ஃபைபர் படகில் கண்ணாடி இழைத் தோலையே அறுத்தெடுக்க வேண்டும். நமக்குப் போல்ட்டைக் கழற்றினால் பலகை கையில் வந்துவிடும். அந்த வசதி இருக்கும்போது ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை.

எந்த மரம் வாங்குவது?

மரைன் ப்ளைவுட், முக்கால் அங்குலத் தாள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒன்றரை அங்குலம். எங்கள் பழைய பலகையின் தடிமனும் அதுதான். உங்களுடையதை அளந்து அதே தடிமனுக்கு வாருங்கள், மோட்டாரின் தாங்கி அதற்கேற்றபடிதான் உட்காரும்.

மரைன் ப்ளைவுட் என்றால் உளுக்காத மரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தண்ணீரில் விடாத பசையால் ஒட்டியது, உள்ளடுக்குகளில் ஓட்டை இடுக்கு இல்லாதது என்பதுதான் அதன் பொருள். பூஞ்சைக்கு எதிரான மருந்து எதுவும் அதில் இல்லை. அதனால் எபாக்ஸி பூசியே ஆக வேண்டும். பிஎஸ் 1088 (மரைன் ப்ளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தர விதி) முத்திரை உள்ள தாள் கிடைத்தால் நல்லது. ஒக்கூமே மரத்தில் செய்தது எடை குறைவு, ஆனால் சீக்கிரம் உளுக்கக்கூடியது. டக்ளஸ் ஃபர் உறுதியானது, பரப்பில்தான் மயிரிழை வெடிப்புகள் வரும்.

மருந்தேற்றிய மரம் வாங்கினால் உளுக்காதே, அது கூடாதா?

அலுமினியப் படகுக்குக் கூடாது. இதை மட்டும் யார் எப்படிச் சொன்னாலும் கேட்காதீர்கள். பூஞ்சை வராமல் இருக்க அந்த மரத்துக்குள் செலுத்துவது செம்பு கலந்த மருந்து. ஈரத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்செனிக் கலந்த பழைய மருந்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்தவற்றில் செம்பு இன்னும் அதிகம். பலகை நன்றாகவே இருக்கும், அதைப் பிடித்திருக்கும் சட்டம் வெள்ளைப் பொடியாக உதிரும். பலகையை மாற்றலாம், பற்றவைத்த சட்டத்தை மாற்றுவது அவ்வளவு லேசில்லை.

உங்கள் பழைய பலகையே பச்சை சாயல் அடிக்கும் மருந்து மரமாக இருந்தால், அதை எரிக்காதீர்கள். ஆர்செனிக் இருக்கக்கூடும், புகையும் சாம்பலும் விஷம்.

மோட்டாரை இறக்குவது வீட்டில் செய்யக்கூடிய வேலையா?

செய்யலாம், ஆனால் ஆள் பலத்தை நம்பி அல்ல. 40 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 100 கிலோ. கார் எஞ்சின் தூக்கும் ஹாய்ஸ்ட்டை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். பேட்டரியை முதலில் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஒயரையும் கேபிளையும் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தூக்குவதற்கென்று மோட்டாரிலேயே வளையம் இருக்கும், அதில்தான் கொக்கியை மாட்ட வேண்டும். இறக்கிய மோட்டாரை ஸ்டாண்டில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைக்க வேண்டுமென்றால் ஃபோர் ஸ்ட்ரோக்கில் எந்தப் பக்கம் படுக்கலாம் என்று கையேட்டில் பாருங்கள். மாற்றிப் படுக்கவைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும்.

புதுப் பலகையை எப்படி ஒட்டுவது?

பழைய பலகை எவ்வளவு சிதைந்திருந்தாலும் எறிய வேண்டாம். அதுதான் அச்சு. புதுத் தாளின் மேல் வைத்து ஓரத்தையும் துளைகளையும் பென்சிலால் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஓரத்தை நேர்கோடாக நீட்டி வரையுங்கள். இரண்டு தாளையும் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே அறுத்து, ஒட்டிய பிறகு சரியான அளவுக்குச் சீவுவது நல்லது.

ஒட்டும் முகங்கள் இரண்டிலும் முதலில் வெறும் எபாக்ஸியை உருட்டிப் பூசுங்கள். மரம் அதைக் குடிக்கும். இதைச் செய்யாமல் நேராகக் கெட்டிப் பசையைத் தடவினால், பசையில் இருக்கும் எபாக்ஸியை மரம் உறிஞ்சிக்கொண்டு இணைப்பு வறண்டுபோகும். பிறகு சிலிக்கா தூள் கலந்து இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து ஒரு முகத்தில் பரப்பி, இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போடுங்கள். தச்சுப் பசைக்கு இறுக்குவதுபோல இறுக்க வேண்டாம். சுற்றிலும் ஒரே சீராகப் பசை பிதுங்கினால் போதும், நிறுத்திவிடுங்கள். அதிகம் இறுக்கினால் ஒட்ட வேண்டிய பசையே வெளியே வந்துவிடும். அடியில் பாலித்தீன் தாள் விரிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பலகை மேஜையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஹார்டனர் அளவு முக்கியம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் அது இறுகவே இறுகாது. டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எதுவோ அது மட்டும். கலந்ததை ஆழமான கப்பில் விட்டு வைக்காதீர்கள், தட்டையான தட்டில் ஊற்றுங்கள். மொத்தமாக இருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். நான் முதல் முறை பெரிய கப் நிறையக் கலந்து வைத்தேன். பத்து நிமிடத்தில் கப் கையில் பிடிக்க முடியாமல் சுட்டது, பிளாஸ்டிக் இளகியது. அதிலிருந்து சிறிது சிறிதாகத்தான் கலக்கிறேன்.

பெரும்பாலான எபாக்ஸிக்கு 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். எங்கள் பக்கம் மே மாத இரவுகளில் அது இருக்காது. ஜூன் வரை பொறுத்திருங்கள், அல்லது ஹீட்டர் உள்ள கராஜில் செய்யுங்கள்.

எத்தனை கோட்டிங்?

எல்லாப் பக்கமும் மூன்று. வெட்டிய ஓரங்களுக்குக் கணக்கே இல்லை, குடிக்கிற வரைக்கும் கொடுங்கள். மரத்தின் தந்துகிகள் வாய்திறந்து நிற்கும் இடம் அது. தட்டையான முகத்தைவிடப் பல மடங்கு உறிஞ்சும்.

ஒரு நுணுக்கம். மரத்தை வெயிலில் சூடாக்கி, நிழலுக்குக் கொண்டுவந்து, அது ஆறும் நேரத்தில் முதல் கோட்டிங் போடுங்கள். ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுக்கும். காலையில் பூசிவிட்டு வெயிலில் வைத்தால் காற்று விரிந்து வெளியே வரும், பரப்பெல்லாம் குமிழியாகிவிடும்.

இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு போன்ற படலம் வரலாம். சுத்தமான தண்ணீரும் தேய்க்கும் நாரும் போட்டுக் கழுவி, அப்புறம் உப்புத்தாள் தேயுங்கள். கடைசியில் பெயின்ட் அவசியம். எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, சில கோடைகளில் வெளிறிப் பொடியும்.

போல்ட் துளைகளை எப்படிப் போடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். முழுப் பலகைக்கும் மூன்று கோட்டிங் எபாக்ஸி போட்டுவிட்டு, கடைசியில் டிரில் எடுத்து ஒரு துளை போட்டீர்கள் என்றால், அந்தத் துளைக்குள் இருப்பது வெறும் மரம். அவ்வளவு பாடுபட்டு மூடியதற்கு நாமே ஒரு வாசல் வைத்துவிட்டோம்.

சரியான முறை இது. போல்ட் அரை அங்குலம் என்றால் முதலில் முக்கால் அங்குலத்துக்குத் துளை போடுங்கள். உட்சுவர் முழுக்க வெறும் எபாக்ஸியால் நனைத்துவிடுங்கள், பாட்டில் கழுவும் சின்ன பிரஷ் இதற்கு நன்றாக இருக்கும். பின்பக்கத்தை டேப் ஒட்டி அடையுங்கள். பிறகு சிலிக்கா கலந்த எபாக்ஸியை வடை மாவுப் பதத்தில் அடைத்து நிரப்புங்கள், உள்ளே காற்று நிற்காமல் குச்சியால் குத்திக் குத்தி. ஒரு நாள் விட்டு, இறுகியதும், நட்டநடுவே அரை அங்குலத் துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது கல்போன்ற எபாக்ஸிக் குழாய். தண்ணீர் புகாமல் போல்ட்டைச் சுற்றி அடைக்கும் சீலன்ட் என்றாவது விட்டுப்போய்த் தண்ணீர் உள்ளே வந்தாலும் அது மரத்தைத் தொடாது. வாஷரை இறுக்கும்போது மரமும் நசுங்காது.

முதல் முறை செய்பவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். எங்கள் பலகையில் பன்னிரண்டு துளைகள், ஒரு வார இறுதி முழுக்க அதற்கே போனது. ஆனால் இந்தக் கவனம் போல்ட் துளைகளுக்கு மட்டும் போதாது. பழைய பலகையை அறுத்துப் பார்த்தபோது கறுப்பு எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? மோட்டார் போல்ட்டிலிருந்து அல்ல. யாரோ எப்போதோ மீன் காட்டும் கருவியின் சென்சாரைத் திருகிவிட்டு, பிறகு கழற்றிக்கொண்டு போன இரண்டு சின்ன ஸ்க்ரூ துளைகளிலிருந்து. பேனா முனை அளவு. அங்கிருந்து விசிறிபோல மேலே விரிந்து, பலகையில் பாதியைத் தின்றிருந்தது. சென்சாரைப் பலகையில் மாட்டாதீர்கள், குழாயின் பின்னாலுள்ள அலுமினியப் பட்டியில் மாட்டுங்கள்.

சீலன்ட் எது?

தண்ணீருக்கடியில் நிற்கும் மரைன் பாலியூரித்தேன் சீலன்ட். 3எம் 5200 மிகப் பிடிவாதமாக ஒட்டும், பிறகு மோட்டாரைக் கழற்றுவது பெரும்பாடாகிவிடும். அதே கம்பெனியின் 4200 போதும். குளியலறை சிலிக்கான் வேண்டாம். அதன் மிச்சத்தின் மேல் பிறகு பெயின்ட்டும் பிடிக்காது, வேறு சீலன்ட்டும் பிடிக்காது.

அலுமினியச் சட்டத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

பலகை கழன்றிருக்கும் இந்த நேரத்தில்தான் சட்டத்தின் உண்மையான நிலை தெரியும். வெல்டிங் ஓரங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச்சைச் சாய்வாக அடித்து விரிசல் பாருங்கள். இந்தப் பிரஷ் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும், இரும்புப் பிரஷ்ஷின் துகள் அலுமினியத்தில் பதிந்து துருக்கறை விடும். விரிசல் இருந்தால் அலுமினிய வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள், இங்கே துணிச்சல் வேண்டாம்.

ஈரமான மரம் அலுமினியத்தோடு ஒட்டி நின்ற இடத்தில் வெள்ளைப் பொடி படிந்து குழி விழுந்திருக்கும். சுத்தமாக்கி, ப்ரைமர் அடித்து, பெயின்ட் பூசுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் தொடும் இடங்களில் டெஃப்ஜெல் போன்ற களிம்பைத் தடவினால் இரண்டும் ஒன்றையொன்று அரிக்காது, பிறகு கழற்றவும் சுலபம். ஏரித் தண்ணீர் நன்னீர்தானே என்று விடாதீர்கள். உப்புநீரில் வேகமாக நடப்பது நன்னீரில் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

பலகையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

மோட்டாரின் தண்டு நீளத்தைப் பொறுத்தது. பொதுவாக 15, 20, 25 அங்குலத் தண்டுகள் வருகின்றன. பழைய பலகையில் படகு நன்றாக ஓடியிருந்தால் அதே உயரத்தை விட்டு விலகாதீர்கள். பலகை அதிக உயரமானால் விசிறி மேலிருக்கும் காற்றை இழுக்கும், திரும்பும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், படகு நகராது. அதிகம் தாழ்ந்தால் மோட்டாரின் உடம்பு தண்ணீரில் இழுபட்டு வேகம் குறையும்.

இதோடு பெரிய மோட்டாரும் மாட்டிவிடலாமா?

புதுப் பலகை போட்டதும் எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது. படகில் எவ்வளவு ஹெச்.பி. வரை என்று எழுதிய தகடு இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். பலகை தாங்கினாலும் அதைப் பிடித்திருக்கும் சட்டமும், பின்பாரம் சுமக்கும் குழாய்களும் அந்தக் கணக்குக்குச் செய்தவை. அதே ஹெச்.பி.யில் பழைய டூ ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டுப் புது ஃபோர் ஸ்ட்ரோக் போட்டாலே எடை கூடும்.

மாட்டிய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

முதல் முறை தனியாகப் போங்கள். கரையோரமாக, மெதுவாகத் தொடங்கி, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். அன்று மாலையும், அடுத்த வாரமும், ஒருமுறை இறுக்குங்கள். கைத்திருகில் மாட்டும் சின்ன மோட்டார் என்றால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் திருகைப் பார்க்க வேண்டும், படகோடு சேர்த்துச் சங்கிலியும் கட்ட வேண்டும்.

ரோட்டில் டிரெய்லரில் போகும்போது, உயர்த்திய மோட்டாரின் அடிப்பகுதிக்கும் டிரெய்லருக்கும் நடுவே முட்டுக் கம்பு கொடுங்கள். இல்லாவிட்டால் பள்ளத்தில் குதிக்கும் ஒவ்வொரு குலுக்கலும் பலகைக்குத்தான் போகும். அக்டோபரில் படகைக் கரையேற்றும்போது கீழ்ப் போல்ட் ஒன்றைக் கழற்றி, துளைக்குள் வெள்ளைத் துணியைக் குச்சியில் சுற்றி விட்டுப் பார்க்கிறேன். போன வருடமும் அது காய்ந்த துணியாகவே வெளியே வந்தது.